மூன்று சுற்று முடிச்சு



ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கும் காலம் இது. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றுகிறார்கள். இயந்திரத்தைப் பிரித்துச் சரிபார்க்கிறார்கள். கட்டுமாவடிப் பக்கம் போனால், மர நிழலில் வலையின் கிழிசலைக் கோத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு நடுவே தூண்டில் கட்டுகிறவர்களையும் பார்க்கலாம். நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இருப்பது சுமார் 42 கிலோமீட்டர் கடற்கரைதான். அந்தச் சிறிய கரையில் எத்தனை விரல்கள் இந்நாட்களில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கின்றன! இன்று அந்த முடிச்சைப் பற்றித்தான் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன். உங்களுக்குத் தெரிந்த வேலையைச் சொல்லித்தர நான் வரவில்லை. உங்கள் கை தினமும் செய்கிற வேலைக்குள் ஆண்டவர் நமக்கு வைத்திருக்கிற ஆறுதலைச் சேர்ந்து பார்ப்போம் என்றுதான் வந்திருக்கிறேன்.

ஒரே தூண்டில் நரம்பில் ஒரு முள் மட்டும் கட்டினால் ஒரு மீனுக்குத்தான் வாய்ப்பு. அதனால் கைத்தூண்டில் போடுகிறவர்கள் நுனி முள்ளுக்கு மேலே இன்னும் ஒன்றிரண்டு முள்ளைக் கிளையாகக் கட்டுகிறார்கள். ஆயிரங்கால் தூண்டிலில் தாய்க்கயிறு முழுவதும் கிளைகள்தான். 2017இல் அரசு நம் பகுதியின் இழுவைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் சூரைத் தூண்டில் படகுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, ராமநாதபுரம், தஞ்சை, நாகை மாவட்டங்களோடு நம் புதுக்கோட்டையும் அதில் இருந்தது. அன்றிலிருந்து தூண்டில் பேச்சு நம் வீடுகளிலும் கூடியிருக்கிறது. நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில், வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீனைப் பிடிக்கிறவர்கள் இறகாலும் நூலாலும் பூச்சியைப் போலச் செய்து முள்ளில் கட்டுவார்கள். அவர்களும் ஒரே நரம்பில் இரண்டு மூன்று பூச்சிகளைச் சேர்க்க வேண்டுமானால் நம்மைப் போலத்தான் கிளை விட்டாக வேண்டும். மலையோ கடலோ, கேள்வி ஒன்றுதான்: கூடுதலாகக் கட்டிய இந்த முள் நிற்குமா, நழுவுமா?

நிற்கிற முடிச்சு எப்படிப் போடப்படுகிறது என்பதை ஒருமுறை நிதானமாக நினைத்துப் பார்ப்போம். இரண்டு நரம்புகளை எதிரெதிராக, ஒரு சாண் நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கிறோம். இரண்டையும் சேர்த்து ஒரு வளையம் வளைக்கிறோம். ஒன்றின் நுனியையும் மற்றதின் முழு நீளத்தையும் சேர்த்து அந்த வளையத்துக்குள் ஒரு முறை விடுகிறோம். பிறகு இரண்டாம் முறை. பிறகு மூன்றாம் முறை. எச்சிலால் நனைக்கிறோம். நாலு பக்கமும் சமமாக, மெல்ல இழுத்து இறுக்குகிறோம். மிஞ்சி நிற்கும் இரண்டு நுனிகளில் ஒன்றை நறுக்கிவிட்டு, மற்றதைக் கிளையாக விட்டு அதில் முள்ளைக் கட்டுகிறோம். ஒரே சுற்றோடு விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். தங்கூசி என்னும் இந்த நரம்பு வழுவழுப்பானது, ஒற்றைச் சுற்று வழுக்கிக்கொண்டு போய்விடும். வழுக்காவிட்டாலும் ஒரே இடத்தில் தன்னைத்தானே நெரித்து, அந்த இடத்திலேயே அறுந்துபோகும். மூன்று சுற்று இருந்தால் இழுவை பரவுகிறது. ஒரு நரம்பை மற்றது தாங்குகிறது. மீன் இழுக்க இழுக்க முடிச்சு இன்னும் இறுகுகிறது.

இப்போது இன்றைய நற்செய்திக்கு வாருங்கள். யோவான் 21ஆம் அதிகாரம். திபேரியக் கடலில் சீடர்கள் ஏழு பேர் இரவு முழுவதும் வலை போட்டும் ஒன்றும் அகப்படவில்லை. விடியற்காலையில் கரையில் ஒருவர் நிற்கிறார். அவர் சொன்ன பக்கம் வலை வீசுகிறார்கள். 153 பெரிய மீன்கள். அத்தனை பாரத்திலும் வலை கிழியவில்லை என்று யோவான் எழுதி வைக்கிறார். இதை எழுதியவருக்கு வலையின் அருமை தெரிந்திருக்கிறது. கரையில் கரி நெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஆண்டவர் சீமோன் பேதுருவைப் பார்த்து, தம்மேல் அன்பு உண்டா என்று கேட்கிறார். ஒரு முறை கேட்கிறார். மறுபடி கேட்கிறார். மூன்றாம் முறையும் கேட்கிறார்.

ஏன் மூன்று முறை? பேதுரு மூன்று முறை மறுதலித்தார், அதனால் மூன்று முறை கேட்டார் என்று நம் பெரியவர்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். சரிதான். ஆனால் மீனவர் வீட்டுப் பிள்ளைகளாகிய நாம் இன்னொன்றையும் அதில் பார்க்கலாம். கடைசி இராவுணவின்போது பேதுரு ஆண்டவருக்காக உயிரையும் கொடுப்பேன் என்றார். பொய்யாகச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னார். ஆனால் அது ஒற்றைச் சுற்று முடிச்சு. தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில், வாசல் காத்த ஒரு பணிப்பெண்ணின் கேள்வி இழுத்த இழுப்பிலேயே நழுவிவிட்டது. கடற்கரையில் ஆண்டவர் அந்த நரம்பைத் தூக்கி எறியவில்லை. எடுத்து, மடித்து, மூன்று சுற்றுச் சுற்றி, திருச்சபை என்னும் தாய்க்கயிற்றில் மறுபடி கட்டினார். கட்டிய ஒவ்வொரு முறையும் ஆடுகளைப் பார்த்துக்கொள் என்று பொறுப்பையும் கையில் கொடுத்தார். அந்த முடிச்சு நின்றது. உரோமையில், சிலுவையில் அறையப்பட்ட நாளிலும் அது நழுவவில்லை.

அன்பு மக்களே, நம்மை ஆண்டவரோடு கட்டியிருக்கிற முடிச்சு எத்தனை சுற்று? பெற்றோர் நமக்குத் திருமுழுக்குக் கொடுத்தார்கள். அது முதல் சுற்று. அதன் பிறகு? கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் உயிர்ப்பு விழாவுக்கும் கோவிலுக்கு வந்து, ஆண்டுக்கு ஒருமுறை வேளாங்கண்ணிக்கு நடந்துபோய்த் திரும்பினால் போதும் என்று இருந்துவிடுகிறோமா? பிடிபாடு இல்லாத நாளில் ஜெபமாலையை ஒதுக்கி வைத்துவிடுகிறோமா? கடன்காரர் வாசலில் வந்து நிற்கும்போது நம் விசுவாசம் எந்தப் பக்கம் வழுக்குகிறது? இதை உங்களைக் கூச வைப்பதற்காகக் கேட்கவில்லை. பேதுருவையும் ஆண்டவர் கூச வைக்கவில்லை. நேற்று நழுவியவரை இன்று காலையே கட்டுவதற்கு அவர் கரையில் காத்திருந்தார். நமக்காகவும் அப்படியே காத்திருக்கிறார். நழுவியது எத்தனையாவது முறை என்று அவர் கணக்கு வைக்கவில்லை.

அடுத்து, நனைப்பதைப் பாருங்கள். முடிச்சை உலர்ந்தபடி வெடுக்கென்று இழுத்தால் நரம்பும் நரம்பும் உரசிச் சூடேறும். வெளியில் பார்க்க நன்றாக இறுகியிருப்பது போலத் தெரியும், உள்ளே வெந்துபோயிருக்கும். பெரிய மீன் பிடித்த அன்றைக்குத்தான் அது தெரியவரும். அதனால்தான் கைப்பழக்கம் உள்ளவர்கள் இறுக்குவதற்கு முன் முடிச்சை வாயில் வைத்து ஈரப்படுத்துகிறார்கள். பிறகுதான் இழுக்கிறார்கள், அதையும் மெதுவாக.

சேவல் கூவிய இரவில் பேதுரு வெளியே போய் மனம் கசந்து அழுதார் என்று லூக்கா சொல்கிறார். அந்தக் கண்ணீர் வீண்போகவில்லை. ஆண்டவர் அவரை இறுக்குவதற்கு முன்பே அவர் நனைந்திருந்தார். கரையிலும் ஆண்டவர் என்ன செய்தார் என்று கவனியுங்கள். இரவெல்லாம் உழைத்துக் களைத்தவர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்கவில்லை. முதலில் நெருப்பு மூட்டினார், மீன் சுட்டார், வந்து சாப்பிடுங்கள் என்று அழைத்தார். வயிறு நிறைந்து உடம்பு காய்ந்த பிறகுதான் கேட்டார். பேதுரு மறுதலித்ததும் ஒரு கரி நெருப்பின் அருகில்தான். அதே போன்ற நெருப்பின் அருகில், பசியாறிய மனிதனாக, அவர் அன்பைச் சொல்ல வேண்டும் என்று ஆண்டவர் ஏற்பாடு செய்தார்.

நம் வீடுகளில் எப்படி? மகன் படிப்பை நிறுத்திவிட்டான் என்று உலர்ந்த வார்த்தையால் இழுக்கிறோம். கணவர் குடித்துவிட்டு வருகிறார் என்று ஊர் கேட்கச் சண்டை போடுகிறோம். மருமகள் ஒரு வார்த்தை சொன்னதற்காக ஒரு வருடம் பேசாமல் இருக்கிறோம். சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். கட்டாமல் விட்ட முள் மீன் பிடிக்காது. ஆனால் சோறு போட்ட பிறகு சொன்னோமா, போடுவதற்கு முன்பே சொன்னோமா? கண்ணில் ஈரத்தோடு சொன்னோமா, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னோமா? உங்களில் பல தாய்மார் ஆண்டுக்கணக்காகக் கண்ணீர் விட்டே குடும்பத்தைக் கட்டி வைத்திருக்கிறீர்கள். யாருக்கும் தெரியாமல் நீங்கள் சிந்துகிற அந்தக் கண்ணீர் ஆண்டவர் கையில் வீணாவதில்லை. அதைக் கொண்டே உங்கள் பிள்ளைகளை அவர் எரியாமல் இறுக்குகிறார்.

மூன்றாவது, இடைவெளி. கிளைகளை நெருக்கமாகக் கட்டினால் ஒரு முள் மற்றதோடு பின்னிக்கொள்ளும். பிறகு இரண்டும் உதவாது. இரண்டு கிளைகளின் நீளத்தைக் கூட்டினால் எவ்வளவு வருமோ அதற்கு மேலேயே நடுவில் இடம் விட வேண்டும். அப்போதுதான் நீரோட்டம் எப்படி அடித்தாலும் ஒன்று மற்றதைத் தொடாது. இந்த ஞானத்தை நம் பாக் நீரிணை மீனவர்கள் நாட்களிலும் வைத்திருக்கிறார்கள். திங்கள், புதன், சனி விசைப்படகுகளுக்கு. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. அதை மீறிய நாட்களில் அறுந்த வலைகளும் மூண்ட சண்டைகளும் எத்தனை! காத்த நாட்களில் இரண்டு பக்கமும் அடுப்பு எரிகிறது.

இதே அதிகாரத்தில், ஆண்டவர் பேதுருவைக் கட்டி முடித்த கையோடு ஒன்று நடக்கிறது. பேதுரு திரும்பிப் பார்க்கிறார். பின்னால் யோவான் வருகிறார். இவருக்கு என்ன ஆகும் என்று பேதுரு கேட்கிறார். அது உன் கவலை இல்லை, நீ என்னைப் பின்தொடர் என்று ஆண்டவர் மறுமொழி சொல்கிறார். இப்போதுதான் கட்டப்பட்ட முள், அதற்குள் பக்கத்து முள்ளோடு பின்னிக்கொள்ளப் பார்க்கிறது! நமக்கும் இந்தப் பழக்கம் இருக்கிறதல்லவா? பக்கத்து வீட்டுக்காரர் புதுப் படகு வாங்கியது எப்படி? அன்பியத்தில் அவர்களுக்கு ஏன் முதல் இடம்? திருவிழாவில் தேர் எந்தத் தெருவில் முதலில் நிற்கும்? எத்தனை இரவு இந்தக் கேள்விகளால் நம் தூக்கம் போயிருக்கிறது! ஆறுதல் என்னவென்றால், ஆண்டவர் உங்களை உங்கள் இடத்தில்தான் கட்டியிருக்கிறார். உங்களுக்கென்று ஆழம் உண்டு, அங்கே உங்களுக்கென்று மீனும் உண்டு. அடுத்தவருக்கு இடம் விட்டால் உங்கள் இடம் குறைவதில்லை.

இனி நான் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு மனம் கனக்கிறது. ஆனாலும் சொல்லாமல் போக முடியாது. கிளை நரம்பைத் தாய்க்கயிற்றைவிட மெல்லியதாகவே கட்டுவார்கள். முள் கடலடிப் பாரில் மாட்டிக்கொண்டால் கிளை மட்டும் அறுந்து தாய்க்கயிறு தப்ப வேண்டும் என்பதற்காக. தொழிலுக்கு அது சரியான கணக்கு. ஆனால் நம் கரையில் சில வீடுகள் இதைக் கேட்கும்போது வேறொன்றை நினைக்கும். 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன படகில் இருந்த நான்கு பேர் உயிரோடு திரும்பவில்லை. அதற்கு முன்னும் பின்னும் எல்லைக்கு அப்பால் பிடிபட்டு, இலங்கைச் சிறையில் நாட்களை எண்ணியவர்கள் எத்தனை பேர்! பிடிபட்ட படகுகள் அந்தக் கரையிலேயே மக்கிப்போகின்றன; கடன் மட்டும் இந்தக் கரையில் வளர்கிறது. அந்த வீட்டுப் பெண்கள் மனதுக்குள் கேட்கிறார்கள்: மற்றவர்கள் தப்புவதற்காகக் கடவுள் எங்களை அறுத்து விட்டுவிட்டாரா?

இல்லை, என் சகோதரிகளே. இந்த ஓர் இடத்தில் ஆண்டவர் நம் தொழில் கணக்கைத் தலைகீழாக மாற்றிவிட்டார். கெத்சமனித் தோட்டத்தில் படைவீரர்கள் வந்தபோது, என்னைத்தான் தேடுகிறீர்கள் என்றால் இவர்களைப் போகவிடுங்கள் என்று சொல்லி அவர் முன்னால் போய் நின்றார். தமக்குத் தரப்பட்டவர்களில் ஒருவரையும் இழக்கவில்லை என்ற வாக்கு அங்கே நிறைவேறியதாக யோவான் எழுதுகிறார். கிளைகள் தப்புவதற்காகத் தாய்க்கயிறே அறுபட்டது. அதுதான் சிலுவை. அறுபட்ட அந்தக் கயிற்றைத் தந்தை மூன்றாம் நாளில் எடுத்துக் கட்டினார். இனி எந்தப் பாரும் அதை அறுக்க முடியாது. கடலில் மாண்ட உங்கள் கணவரும் பிள்ளையும் அந்தக் கயிற்றில்தான் இருக்கிறார்கள். சிறையில் இருப்பவரும் அதில்தான் இருக்கிறார். நாம் காணாத ஆழத்தில் இருக்கிறார்கள்; ஆனால் ஆண்டவரின் கையை விட்டுப் போய்விடவில்லை.

அப்படியென்றால் கரையில் இருக்கிற நமக்கு ஒரு வேலை இருக்கிறது. அறுந்த கிளையின் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுக் கயிற்றைச் சுருட்டி வைக்கிற மீனவர் உண்டா? தகப்பனை இழந்த பிள்ளையின் பள்ளிக் கட்டணம், தனியாக நிற்கிற பெண்ணின் வீட்டுக் கூரை, துணையில்லாத முதியவரின் மருந்து — இவைதான் நாம் கூடுதலாகக் கட்ட வேண்டிய முட்கள். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்ததை நினைத்துப் பாருங்கள். தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே! அந்த நாட்களில் நம் தெருக்களில் பொதுவாகச் சோறு பொங்கினார்கள். யார் எந்தக் கோவில், எந்தப் பள்ளிவாசல் என்று ஒருவரும் கேட்கவில்லை. இழுவை வந்தபோது முடிச்சு இறுகியது. உங்கள் கைக்கு அந்தக் கட்டு தெரியும். புயலுக்குக் காத்திராமல் சாதாரண நாட்களிலும் கட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கட்டுவதற்கு முன் அவிழ்க்க வேண்டியதும் உண்டு. சிக்கு விழுந்த நரம்பில் புது முள் கட்ட முடியாது. இது மாதாவின் வணக்க மாதம். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்துக் கோவில் ஒன்றில் சுமார் 1700இல் வரைந்த ஒரு படம் இருக்கிறது. அதில் அன்னை மரியா ஒரு நீண்ட நாடாவில் விழுந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அந்தப் பக்தியை உலகமெங்கும் பரப்பினார். படத்தில் அன்னையின் முகத்தில் அவசரம் இல்லை. சிக்கெடுக்கத் தெரிந்தவர்கள் இழுக்கமாட்டார்கள். எந்த மடிப்பு இளகியிருக்கிறது என்று தேடுவார்கள், அங்கிருந்து தொடங்குவார்கள். சொத்துத் தகராறில் பல வருடம் பேசாத அண்ணன் தம்பிகளே, உங்களுக்குள் இளகியிருக்கிற ஒரு மடிப்பு எது? ஒரு குழந்தையின் பிறந்தநாளாக இருக்கலாம், அம்மாவின் நினைவுத் திருப்பலியாக இருக்கலாம். அந்த இடத்தை அன்னையின் கையில் கொடுங்கள். உங்களால் முடியாததை அவருடைய பரிந்துரை செய்யும்.

கடைசியாக ஒன்று. நல்ல முடிச்சும் என்றென்றைக்கும் நிற்பதில்லை. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் நரம்பைத் தடவிப் பார்க்கிறோம். எங்காவது சொரசொரப்புத் தட்டினால், இன்னும் ஒரு பாடு தாங்கும் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதில்லை. அந்த இடத்தை நறுக்கிவிட்டுப் புதிதாகக் கட்டுகிறோம். அதில் வெட்கம் ஏதும் இல்லை, தொழில் தெரிந்தவர் செய்கிற வேலை அது. ஒப்புரவு அருளடையாளமும் அதுவே. தேய்ந்த இடத்தை நாம் காட்டுகிறோம், கட்டுகிறவர் ஆண்டவர். பாவம் பெரிது என்று தயங்குகிறவர்களும், சொல்ல ஒன்றுமில்லை என்று நினைக்கிறவர்களும் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.

ஜூன் 14 நள்ளிரவு தாண்டியதும் படகுகள் கிளம்பிவிடும். பிறகு உங்களுக்கு நேரம் இருக்காது. அதற்குள் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு அன்பியமும் தன் தெருவில் தனித்து நிற்கும் ஒரு குடும்பத்தைத் தேர்ந்து, படிப்புக்கோ மருந்துக்கோ இந்த ஆண்டு முழுவதும் துணை நிற்பதாக முடிவு செய்யட்டும். அடுத்து, வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணி முதல் ஒப்புரவு கொடுக்கக் கோவிலில் உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு நேரமானாலும் இருப்பேன். பத்து வருடம் வராதவர்கள் முதலில் வாருங்கள். உங்களை எதற்காகவும் கடிந்துகொள்ள மாட்டேன். பேதுருவைக் கட்டிய ஆண்டவர் நம் ஒவ்வொருவரையும் தம்மோடும் ஒருவரை ஒருவரோடும் சேர்த்துக் கட்டுவாராக. ஆமென்.